தட்டினால் கழன்றுகொள்ளும் வயர்

போன வாரம் ஒரு மதியம், விருதுநகர் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கருகல் வாடை வந்தது. மற்ற ஊர்களில் கருகல் வாடை வந்தால் முதலில் அடுப்பைப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் வானத்தைப் பார்ப்போம். எந்தத் திசையில் புகை, கறுப்பா வெள்ளையா, எவ்வளவு தூரம் இருக்கும் என்று. நான் ஜன்னலுக்குப் போனேன். மனைவி மாடியேறிச் சிவகாசி பக்கம் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"அங்கன ஒண்ணும் இல்ல. ஒங்க ரூம்லதான் வருது" என்றாள்.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். லேப்டாப்பின் அடாப்டரில் வயர் போய்ச் சேருகிற இடம் உருகிப் பழுப்பேறிக் கிடந்தது. தொட்டால் சுட்டது. அவ்வளவுதான் விஷயம். பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, பரணிலிருந்து பழைய அடாப்டர்கள் கிடக்கும் அட்டைப் பெட்டியை இறக்கினேன்.

இருபது வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைத்தவனிடம் வேறு என்ன சொத்து இருக்கும் என்கிறீர்கள். எட்டு அடாப்டர்கள். வயர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஒன்றைத் தூக்கினால் எட்டும் எழுந்து வந்தன. செங்கல் கனத்தில் இரண்டு. உருண்டை முனை, நடுவில் ஊசி வைத்த உருண்டை முனை, சற்றே பெரிய உருண்டை முனை, மஞ்சள் நிறச் சதுர முனை. பார்க்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒருவன் வீட்டுக்குள் இன்னொருவன் நுழைய முடியாது. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் தனக்கென்று ஒரு ஓட்டை போட்டுவைத்திருந்த காலம். ஏன் இவற்றையெல்லாம் வைத்திருக்கிறேன் என்று மனைவி கேட்டு அலுத்துவிட்டாள். எனக்கும் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எதற்காவது ஆகும் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். எதற்கும் ஆகவில்லை.

பெட்டியின் அடியில் அந்த வெள்ளை அடாப்டர் கிடந்தது. வெள்ளை என்பது பழைய பேச்சு. இப்போது அதன் நிறம் டீக்கடைக் கண்ணாடி டம்ளரின் நிறம். உள்ளங்கை அளவு சதுரம், மூலையில் இரண்டு சின்னச் சிறகுகள். இழுத்துவிட்டால் அவற்றில் வயரைச் சுற்றிக்கொள்ளலாம். முனையில் ஓட்டைக்குள் போகிற குச்சி எதுவும் கிடையாது. ஒரு சின்னப் பட்டையான காந்தம், நடுவில் வரிசையாகக் குட்டிப் பொன்னிறப் புள்ளிகள். கிட்டே கொண்டுபோனால் லேப்டாப் தானே அதைப் பிடித்துக்கொள்ளும். யாராவது காலில் தட்டினால் தானே விட்டுவிடும்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு பரணுக்குக் கீழேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. வேறு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஆமத்தூரிலிருந்து பஸ் பிடித்து சிவகாசி போய், ஒரு அச்சகத்தில் டிசைன் வேலை. வெடிப் பெட்டிகளுக்கு லேபிள், டின் பட்டை அடித்த நாள்காட்டி, நோட்டு அட்டை, எல்லாம் போடுகிற இடம். டிசைன் ரூமில் இரண்டு பெரிய கம்ப்யூட்டர்களுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. மூன்றாவதாகப் போன எனக்கு, ஆர்டர் கொடுக்கும் பார்ட்டிகளின் ஆபீஸுக்குக் கொண்டுபோய் லேபிள் காட்டுவதற்கென்று வாங்கி வைத்திருந்த கறுப்பு லேப்டாப்பைக் கொடுத்தார்கள். என் தெருவில் நான்தான் லேப்டாப்பில் வேலை பார்ப்பவன் என்று அப்பா பஸ்ஸ்டாப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதன் பேட்டரி செத்துப்போய் ஆறு மாதம் ஆகியிருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. வயரைப் பிடுங்கினால் அந்தக் கணமே திரை கறுத்துவிடும்.

வெடிகளுக்குப் படம் போடுவது ஒரு விசித்திரமான வேலை. புலி, ரோஜாப்பூ, மயில், மலை அருவி, கன்னத்தில் கை வைத்த குழந்தை. உள்ளே இருப்பது எல்லாம் ஒரே மருந்துதான். வருஷம் பூராவும் தீபாவளிக்காக வேலை செய்துவிட்டு, தீபாவளி அன்றைக்கு நாங்கள் தூங்குவோம்.

எங்கள் ரூமில் பிளக் பாயிண்ட் ஒரு சுவரில், என் மேசை எதிர்ச்சுவரில். நடுவில் ஆள் நடக்கிற வழி. அடாப்டரின் வயர் அந்த வழியைக் கடந்துதான் வர வேண்டும். அதனால் வயரைத் தரையோடு சேர்த்து, பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பை நீளமாக ஒட்டிவைத்திருந்தேன். லேப்டாப்பை வெளியே எடுத்துப் போக வேண்டியிருந்தால் டேப்பை உரித்து, வந்ததும் மறுபடி ஒட்டுவேன். அது என் பொறுப்பு. யாரும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வழியில் அதிகம் நடந்தவர் மாரீஸ்வரி அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வெம்பக்கோட்டைப் பக்கம் ஊர். எங்கள் அச்சகத்தில் நாள்காட்டி அட்டையில் தேதித் தாள் கட்டை வைத்து ஸ்டேப்ளர் பின் அடிக்கிற வேலை. நடுநடுவே மெஷின் ஹாலிலிருந்து முதலில் வருகிற ஈரச் சீட்டை, நிறம் சரியா என்று பார்ப்பதற்கு எங்கள் ரூமுக்குத் தூக்கி வருவதும் அவர்தான். மை காயாத பெரிய தாள். இரண்டு கைகளிலும் அகலமாக ஏந்தி, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வருவார். தாளுக்குப் பின்னால் ஒரு நடை மட்டும் வரும்.

முன்பு அவர் வெடி ஆலையில்தான் இருந்தார். அவருடைய சொந்த அக்கா ஒரு ஷெட்டில் வெந்து செத்துப்போன பிறகு, இனிமேல் மருந்தைத் தொடுவதில்லை என்று சொல்லி அச்சகத்துக்கு வந்தவர். ஒருநாள் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "இங்கன வந்த பெறவுதான் கை கைமாதிரி இருக்கு தம்பி. முன்ன எம்புட்டுக் களுவுனாலும் மருந்தோட வெள்ளி நெறம் போவாது. புள்ளைக்குச் சோறு பெசைஞ்சு குடுக்கவே யோசனையா இருக்கும்" என்றார். நான் கணினித் திரையில் ஒரு மயிலுக்குத் தோகை ஒட்டிக்கொண்டே "ஆமாக்கா" என்றேன். அவர் சொன்னது காதில் விழுந்ததே தவிர, அதை அன்றைக்கு நான் கேட்டேன் என்று சொல்ல முடியாது.

ஆடி மாதம். சீசன் உச்சத்தில் இருந்தது. ஒரு பார்ட்டிக்கு லேபிள் காட்டப் போய்விட்டு மதியம் திரும்பிவந்தேன். பசி. வயரைப் போட்டு, லேப்டாப்பை எழுப்பி, அப்படியே வேலையில் உட்கார்ந்துவிட்டேன். டேப் ஒட்டவில்லை. டேப் சுருள் அடுத்த ரூமில் இருந்தது, போய் எடுத்துவரச் சோம்பல். மறுநாள் காலையிலும் ஒட்டவில்லை. அதற்கடுத்த நாள் காலை வயர் அந்த வழியில் ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு கிடந்ததை நானே பார்த்தேன். அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பத்து மணி சுமாருக்கு மாரீஸ்வரி அக்கா சீட்டோடு வந்தார். கால் வயரில் மாட்டியது. என் கண்ணெதிரே லேப்டாப் மேசையில் சறுக்கி, ஓரத்துக்கு வந்து, நான் கை நீட்டுவதற்குள் சிமெண்டுத் தரையில் விழுந்தது. மூலை குத்தி விழுந்ததால் திரை குறுக்கே உடைந்தது. அடாப்டரின் முனை ஓட்டைக்குள்ளேயே ஒடிந்து நின்றது. உள்ளே வேறு ஏதோ ஒன்று உருளும் சத்தம் கேட்டது.

அக்கா முழங்கையும் முட்டியும் தரையில் பட விழுந்திருந்தார். ஆனால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். சீட்டு தரையில் படவில்லை.

சத்தம் கேட்டு மேனேஜர் அண்ணாச்சி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சீசன் நேரத்தில் யாரும் நல்ல மனிதராக இருக்க முடியாது, அவ்வளவுதான்.

"என்னலே ஆச்சு?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அக்கா கால் தட்டிருச்சு அண்ணாச்சி."

நான் சொன்னது அந்த மூன்று நான்கு வார்த்தைகள்தான். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இன்றுவரை நான் சொன்னதிலேயே பெரிய பொய் அதுதான்.

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "கண்ணு எங்கன இருந்துச்சு ஒனக்கு?"

"சீட்டு மறைச்சிருச்சு அண்ணாச்சி."

லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்தார். அதற்குள் ஒரு பார்ட்டியின் அந்த வருஷத்து லேபிள் முழுவதும் இருந்தது. சாயங்காலமானால் வேலையை சிடியில் ஏற்றிவைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பத்து நாளாக நான் அதையும் செய்யவில்லை. "உள்ள இருந்தது பூராவும் போச்சா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் சிடியைப் பற்றிக் கேட்பார் என்று நின்றேன். அவருக்கு இருந்த கோபத்தில் கேட்கத் தோன்றவில்லை.

"நாளையில இருந்து நீ வர வேணாம்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா எழுந்து சீட்டை என் மேசையில் வைத்தார். "மையி கலையல. பாத்துக்கோ" என்றார். முழங்கையில் ரத்தம் கசிந்திருந்தது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் தரையில் சிதறிக் கிடந்த திரைத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். அவர் போய்த் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மதியச் சாப்பாடு உள்ளே அப்படியே இருந்திருக்கும்.

பத்து நாளில் செய்ததை ஆறு நாளில் மறுபடி செய்து கொடுத்தேன். சுறுசுறுப்பானவன் என்று பெயர்கூட வந்தது.

ஆவணியில் பின் அடிக்கிற பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. மாரீஸ்வரி மறுபடி வெடி ஆலைக்குப் போய்விட்டாளாம். வேறு எங்கே போவாள். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. சிவகாசியில் மதியத்தில் எங்கேயாவது ஒரு சத்தம் கேட்டால் மொத்தத் தெருவும் ஒரு நிமிஷம் நிற்கும். சோதனைக்கு வெடித்ததா, வேறா என்று காது கூர்ந்து கேட்கும். பிறகு நகரும். மற்றவர்கள் நகர்ந்த பிறகும் நான் நிற்பேன். ஆம்புலன்ஸ் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். வெம்பக்கோட்டை ரோட்டில் போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. போய்ப் பார்த்திருக்கலாம். சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று வைத்தேன். டேப் ஒட்டுவதைத் தள்ளிப்போட்ட அதே ஆள்தானே.

பொங்கல் கழிந்து சின்ன முதலாளி, அதாவது முதலாளியின் மகன், தன்னிடமிருந்த வெள்ளை லேப்டாப்பை டிசைன் ரூமுக்குக் கொடுத்தார். சிங்கப்பூர் போனபோது வாங்கியது. அதைவிட மெலிசாக ஒன்று வந்துவிட்டதாம். அதோடு வந்ததுதான் நான் சொன்ன அந்த வெள்ளை அடாப்டர். முனையைக் கிட்டே கொண்டுபோனதும் டக்கென்று ஒட்டிக்கொண்டு, குட்டியாக ஒரு ஆரஞ்சு விளக்கு எரியும். சார்ஜ் நிறைந்தால் பச்சை. அச்சகத்தில் எல்லோரும் வந்து ஒரு தடவை ஒட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடவுளைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி வரிசை. இந்த லேப்டாப்புக்கு நான் வயர் வழியில் டேப்பை மூன்று அடுக்காக ஒட்டினேன்.

மாசி மாதம் தரையைக் கழுவியபோது டேப் ஈரத்தில் உரிந்துவிட்டது. புதிது ஒட்டுவதற்குள் மேனேஜர் அண்ணாச்சியே வேகமாக உள்ளே வந்தார். கால் வயரில் மாட்டியது. நான் பாய்ந்து லேப்டாப்பைப் பிடித்தேன். பிடித்திருக்க வேண்டியதே இல்லை. முனை டக்கென்று கழன்று தரையில் விழுந்தது. லேப்டாப் ஒரு நூல்கூட நகரவில்லை. திரையில் நான் வரைந்துகொண்டிருந்த அருவி அப்படியே இருந்தது.

அண்ணாச்சி தடுமாறி நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வயரை நடுவழியில போட்டா மனுசன் விளுவானா மாட்டானா? ஓரமா போடுலே" என்றார்.

அவர் போன பிறகும் நான் உட்காரவில்லை. கால் தட்டியவர் மாரீஸ்வரி அக்காவாக இருந்தபோது குற்றம் காலுடையது. அண்ணாச்சியாக இருந்தபோது குற்றம் வயருடையது. இத்தனைக்கும் அதே இடம், அதே வயர் வழி. எங்கோ தூர தேசத்தில் யாரோ ஒருவர், மனிதன் என்றால் கால் தட்டத்தான் செய்வான் என்று யோசித்து இப்படி ஒரு முனையைச் செய்திருக்கிறார். கூடவே நின்ற எனக்கு அது எட்டு மாதமாகச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணாச்சியின் ரூமுக்குப் போனேன். "அன்னைக்கும் வயரை நான்தான் அண்ணாச்சி டேப்பு ஒட்டாம விட்டிருந்தேன். சிடியிலயும் ஏத்தல" என்றேன்.

"என்னைக்குலே?"

அவருக்கு நினைவே இல்லை. நான் விளக்கிச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதான் முடிஞ்சு போச்சே. அந்தப் பிள்ளை வந்தா வரட்டும். நீயே போயிச் சொல்லு" என்றார். பிறகு போனை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெம்பக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அணையில் தண்ணீர் பாதிக்குக் கீழே இருந்தது. விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நீயா தம்பி? என்ன இம்புட்டுத் தூரம்?"

"சும்மாதான்க்கா."

"சும்மா வார ஊரா இது" என்று எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வலது கையால் கொடுத்தார். இடது கை சேலை மடிப்புக்குள் இருந்தது.

தண்ணீரைக் குடிக்காமலே சொன்னேன். "அக்கா, அன்னைக்கு டேப்பு ஒட்டாம விட்டது நான்தான்."

"தெரியும்."

அவரே தொடர்ந்து சொன்னார். "தெனமும் பத்து வாட்டி தாண்டிப் போறவளுக்குத் தெரியாதா? காலையிலயே பாத்தேன் டேப்பு இல்லைன்னு. ஒங்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன். லோடு வந்துருச்சு, மறந்துட்டேன்."

"அப்ப ஏன்க்கா அண்ணாச்சிகிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். "நீ சொல்லல. பெறவு நான் என்னத்தச் சொல்ல."

வாசல்படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவருடைய இடது கை தெரிந்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் ஒன்றாக உள்பக்கம் வளைந்து, தோல் மினுமினுப்பாக இருந்தது.

"கை என்னாச்சுக்கா?"

"கார்த்திகைக்கு முன்ன. திரி சீறிருச்சு. பெருசா ஒண்ணும் இல்ல. அங்கன எம்புட்டோ பேருக்கு எம்புட்டோ ஆவுது, எனக்கு ரெண்டு வெரலு."

அண்ணாச்சி வரச் சொன்னார் என்று சொன்னேன். அவர் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். "பின் அடிக்க இது சொன்னபடி கேக்காது. சீட்டு எடுக்கலாம். வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுதேன்."

பஸ் வரும்வரை கூட நின்றார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எம் மேல கோவமாக்கா?"

"கோவம் இல்லாம இருக்குமா. இருக்கத்தான் செய்யும்" என்றார் சாதாரணமாக. "அதுக்காக வேலைக்கு வராம இருக்க முடியுமா."

இரண்டு வாரத்தில் வந்தார். அதற்குள் நான் எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு வயரைச் சுவரோரமாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். நாலு ஆணி அடித்திருந்தால் முடிகிற வேலை. அதற்கு இவ்வளவு ஆகியிருக்கிறது.

காந்த முனையை முதலில் பார்த்தபோது அக்கா இரண்டடி பின்னால் போனார். "தானா இளுக்குதே, பொறி கிறி வராதே?" என்றார். வெடி ஆலையில் மருந்து கலக்கும் ஷெட்டில் மின்சார விளக்குகூடக் கிடையாது. வெளிச்சம் இருக்கும்வரைதான் வேலை. அங்கிருந்து வந்தவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். வராது என்று நான் நாலைந்து தடவை ஒட்டி எடுத்துக் காட்டினேன். பிறகு அவரே சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கால் பெருவிரலை வயரில் மாட்டி இழுத்தார். டக். இன்னொரு தடவை. டக்.

"இதக் கண்டுபுடிச்சவுக வீட்டுலயும் யாரோ கால் தட்டி விளுந்திருப்பாக போல" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

காந்தத்துக்கு எங்கள் அச்சகத்தில் ஒரு தொல்லை இருந்தது. நாள்காட்டிக்கு அடிக்கிற பின் துண்டுகள் எங்கும் பறந்து கிடக்கும். தரையில் விழுந்த முனை எல்லாவற்றையும் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு எழும். ஒருநாள் சார்ஜ் ஏறவே இல்லை. அப்போது ஒரு நாளைக்கு மூன்று தடவை கரண்ட் போய்வந்த காலம்; அடாப்டர் செத்துவிட்டது என்றே நினைத்து ரிப்பேருக்கு மதுரைக்கு அனுப்பப் பெட்டியில் போட்டுவிட்டேன். அக்கா அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, நகத்தால் உள்ளிருந்து ஒரு துண்டை எடுத்து என் மேசையில் வைத்தார். "நம்ம பின்னுதான்" என்றார். மயில்களும் அருவிகளும் மறுபடி ஓடத் தொடங்கின.

பிறகு முனைகள் மாறிக்கொண்டே போயின. நேராக நின்ற வயர் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. பிறகு முனை மெலிசானது. இது வேறு ரகம், தும்மினால்கூடக் கழன்றுவிடும். பழைய அடாப்டரைப் புதியதில் போட நகக்கணு அளவில் ஒரு இடைத்துண்டு தந்தார்கள், அதைத் தொலைப்பதற்கென்றே செய்திருந்தார்கள். அப்புறம் ஒரு புதிய லேப்டாப் வந்தது. அதில் காந்தமே இல்லை. தட்டையான ஒரு சின்ன முனை, எப்படித் திருப்பிக் குத்தினாலும் போகும், போனுக்கும் அதுதான், எல்லாவற்றுக்கும் அதுதான். வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இழுத்தால் விடாது. முதலில் வந்த நாள் அதைப் பார்த்துவிட்டு அக்கா, "பளையபடியே ஆயிப்போச்சா" என்று மட்டும் கேட்டார். விளக்கையும் எடுத்துவிட்டார்கள். சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்று பார்க்க லேப்டாப்பைத் திறக்க வேண்டியிருந்தது.

இதைச் செய்தவர்களும் அலுத்துவிட்டார்களோ என்னவோ, சில வருஷம் கழித்துக் காந்தம் திரும்ப வந்துவிட்டது. இன்னும் மெலிசாக, இன்னும் அழகாக. போன வாரம் கருகியதும், அதற்குப் பதிலாக இப்போது வாங்கியிருப்பதும் அந்த ரகம்தான். துணி சுற்றிய வயர். விளக்கும் திரும்ப வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் போனது திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லலாம்.

மற்றதெல்லாம் வரவில்லை. டிசைன் ரூமை இடித்து, அந்த இடத்தில் தாளைத் தானே எடுத்துத் தானே நிறம் பார்த்துக்கொள்ளும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். அண்ணாச்சி காலமாகிவிட்டார். டிசைன் ஆட்கள் அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். அதைச் சந்தோஷமாகச் சொன்னார்கள். நிறம் சரியா என்று பார்க்க இப்போது போனில் படம் வருகிறது. நான் ஒரு கட்டைவிரலை அனுப்புகிறேன். மாரீஸ்வரி அக்கா மகளோடு ஆலங்குளம் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. எங்கே என்று சரியாகத் தெரியவில்லை.

வேலைக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து, அந்த ரூமை இடிக்கும் நாள்வரைக்கும், அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஈரச் சீட்டை ஏந்திக்கொண்டு கதவுக்கு வெளியே நின்று, "தம்பி, வயரு?" என்று கேட்பார். நான் உள்ளேயிருந்து, "சுவத்தோரமா இருக்குக்கா, வாங்க" என்பேன். நாளுக்குப் பத்துத் தடவை. ஒரு தடவைகூட என் பேச்சை மட்டும் நம்பி அவர் கால் வைத்ததில்லை. சீட்டை லேசாகச் சாய்த்து, தரையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒவ்வொரு தடவையும் எனக்கு அது சுருக்கென்று இருக்கும். ஒவ்வொரு தடவையும், அது சரிதான் என்றும் தோன்றும்.

இப்போது என் அறையில் வயர் நடுவழியில்தான் கிடக்கிறது. டேப் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்தப் பக்கமாக யாரும் வருவதில்லை.